நெல்சன் தூணும் விளம்பரத் தட்டியும்



பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழர், புது நகரத்தின் மொழியைக் கற்கு முன்னரே அதன் அடையாளங்களைக் கற்றுவிடுகின்றனர். தில்லியில் இந்தியா கேட்டைத் தாண்டி இடப்பக்கம் என்றும், மும்பையில் சர்ச்கேட் நிலையத்துக்கு எதிரே என்றும், கொல்கத்தாவில் ஹவுரா பாலத்துக்கு இக்கரையில் என்றும், அரைகுறை இந்தியிலோ வங்காளியிலோ வழி கேட்டுத்தான் நம்முள் பலர் முதல் வாடகை வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறோம். தெருப்பெயர் மறந்துபோகும், வீட்டு எண் மாறிப்போகும், அந்தக் கோபுரமோ, சிலையோ, பாலமோ மறப்பதில்லை.

எல்லார் கண்ணிலும் படுகிற இடம் என்றால், விளம்பரம் செய்வோர் அதன்மீது கண் வைக்காதிருப்பரோ? சோப்பு விற்பவருக்கும் சுருட்டு விற்பவருக்கும் அங்கே ஒரு தட்டி நாட்டவேண்டும் என்ற ஆசை இயற்கையே. அந்த ஆசைக்கு அணை போட நாடுகள் சட்டம் செய்தன. இங்கிலாந்தில், பொது இடங்களில் விளம்பரங்கள் வரம்பு மீறுவதைத் தடுப்பதற்கென்றே 1893-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றிற்று. 1907-இல் விளம்பர ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறிற்று. நம் நாட்டிலும், 1958-ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் சட்டத்தின்கீழ் 1959-இல் இயற்றப்பட்ட விதிகள், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்குள் எவ்வகை விளம்பரமும் காட்டலாகாது என்கின்றன. ஆயினும், உரிய அதிகாரியின் அனுமதி பெற்றாலன்றி என்று பொருள்படும் ஒரு சிறு தொடர் அவ்விதியில் உண்டு. சட்ட வாசகங்களை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்தகைய சிறு தொடர்களின்மீது தனியான ஒரு கவனம் உண்டு. அலுவலகக் கோப்புகளில் மிகுதியாகப் புரட்டப்படும் பக்கம், பெரும்பாலும் விதிவிலக்கு எழுதியிருக்கும் பக்கமேயாகும்.

வணிகருக்குச் சாத்தியிருந்த கதவு, போர் வந்தவுடன் அரசாங்கத்துக்குத் திறந்துகொண்ட கதையொன்றை இன்று சொல்ல முற்படுகிறோம். கதை நிகழும் இடம் லண்டன் மாநகரின் நடுவிலுள்ள டிரபால்கர் சதுக்கம்.

அச்சதுக்கத்தின் நடுவே ஏறத்தாழ 170 அடி உயரத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் நிற்பவர் கடற்படைத் தலைவர் நெல்சன். 1805-இல் டிரபால்கர் முனையருகே நிகழ்ந்த கடற்போரில் வெற்றியைத் தேடித் தந்து, அப்போரிலேயே குண்டு பாய்ந்து இறந்தவர். தூண் 1840-க்கும் 1843-க்கும் இடையே எழுப்பப்பட்டது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலப் பலகைகள் அதன் பீடத்தின் நாற்புறமும் பதிக்கப்பட்டன. நெல்சன் பொருத நான்கு போர்களை அவை காட்டுகின்றன. காவலாக அமர்ந்திருக்கும் நான்கு சிங்கங்களும் 1867-இல்தான் வந்து சேர்ந்தன. ஊர்வலமா, கண்டனக் கூட்டமா, புத்தாண்டுக் கொண்டாட்டமா, எதுவாயினும் லண்டன் மக்கள் கூடும் இடம் இதுவே. அவர்களுக்கு அது போர்வீரர் ஒருவரின் நினைவுச் சின்னம் மட்டுமன்று. நாடு தோற்காது என்பதற்கு ஒரு கல்வெட்டுப் போலவும் இருந்தது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுட்டது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றின. அந்தக் கப்பலின் பெயர் நம் வீடுகளில் பெருஞ்சாமர்த்தியசாலிக்கு ஒரு வசைப்பெயராகவும் வாழ்த்துப்பெயராகவும் இன்றளவும் வழங்குகிறதன்றோ? அதற்கு இரண்டு மாதங்கள் கழித்து, நவம்பரில், பிரிட்டிஷ் அரசாங்கம் முதல் போர்க்கடன் பத்திரங்களை வெளியிட்டது. கேட்ட தொகை 35 கோடி பவுண்டு. வட்டி நூற்றுக்கு மூன்றரை. பணம் குவிந்துவிட்டது, கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

உண்மை வேறு. பொதுமக்களிடமிருந்து வந்தது 9 கோடிப் பவுண்டுக்குச் சற்றே அதிகம். அதாவது கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியதை இங்கிலாந்து வங்கியே வாங்கிக்கொண்டது. வங்கி வாங்கியதாகத் தெரிந்தால் எதிரி நகைப்பான், அடுத்த கடனுக்கு ஆள் வாரார் என்று அஞ்சி, வங்கியின் தலைமைக் காசாளர், துணைக் காசாளர் ஆகிய இருவர் பெயரில் பத்திரங்கள் எழுதப்பட்டன. கணக்கேட்டில் வேறொரு தலைப்பின்கீழ்ச் செருகப்பட்டன. ஒரு நூற்றாண்டுக் காலம் இது உலகுக்குத் தெரியாது. வங்கியின் பழைய பேரேடுகளை ஆராய்ந்தோர் 2017-இல்தான் இதை வெளியிட்டனர். கடன் முழுதும் விற்றுப்போயிற்று என்று 1914-இல் எழுதிய ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளேடு, நூற்றுமூன்று ஆண்டுகள் கழித்துத் தன் செய்திக்குத் திருத்தம் வெளியிட்டதும் ஒரு வேடிக்கை.

இந்த இரகசியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், பின்னர் நெல்சன் தூணில் நிகழ்ந்தவற்றின் பொருள் விளங்கும். செல்வர்கள் வீட்டுப் பெட்டி திறக்கவில்லை. இனிச் சாமானியரின் முடிச்சை அவிழ்க்கவேண்டும். சாமானியர் நிதிச் சந்தை அறிக்கையைப் படிப்பவரல்லர், தெருவில் நடப்பவர். ஆகவே கடன் கேட்கும் குரலும் தெருவுக்கு இறங்கி வந்தது. ஆள் சேர்ப்பதற்கு ஏற்கெனவே விளம்பரத் தொழில் வல்லோரை அரசாங்கம் அமர்த்தியிருந்தது. ஹெட்லி லெ பாஸ் என்னும் பதிப்பாளர் அவருள் முக்கியமானவர். புத்தகம் விற்ற கைவண்ணம் படைக்கு ஆள் சேர்க்கவும், பிறகு கடன் பத்திரம் விற்கவும் பயன்பட்டது. 1915-இன் இரண்டாம் கடனில் அஞ்சலகத்தின் வழியே சிறு தொகைகளும் ஏற்கப்பட்டன. 1916-இல் போர்க்காலச் சேமிப்புப் பத்திரம் வந்தது. பதினைந்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்து வாங்கினால், ஐந்தாண்டு கழித்து முழு ஒரு பவுண்டு. தையற்காரியும் தபால்காரரும் வாங்கக்கூடிய விலை அது. 1917-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நூற்றுக்கு ஐந்து வட்டியென மூன்றாவது கடன் அறிவிக்கப்பட்டபோது, லண்டனில் சுவரொட்டி இல்லாத சுவர் அரிதாயிற்று.

அந்த அலைதான் சதுக்கத்தையும் நெல்சன் பீடத்தையும் தொட்டது. போர்ப் பத்திரங்களை வாங்குமாறு கூவும் பெரும் பலகைகள் பீடத்தைச் சூழ்ந்தன. எழுத்துக்கள் ஆள் உயரம். சிங்கங்களுக்கு நடுவே, சந்தைக் கடை முகப்புப் போன்ற காட்சி. அப்படியொரு பலகையைச் சோப்பு வணிகர் ஒருவர் மாட்டியிருப்பாராயின் நகரம் கொதித்தெழுந்திருக்கும். அரசாங்கம் மாட்டியதற்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஏன் எழவில்லை என்பது எண்ணத் தக்கது.

நம் ஊர்களில் ஒருவர் கடன் வாங்கப் போனால், கொடுப்பவர் கேட்பது ஜாமீன் யார் என்பதே. ஊரில் நாலு பேர் மதிக்கும் பெரியவர் ஒருவர் உடன் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் போதும். அவர் வாய் திறக்கவும் வேண்டுவதில்லை. நெல்சன் அவ்வாறுதான் உட்கார்த்தி வைக்கப்பட்டார். பலகை சொன்னது வட்டி விகிதம். பீடம் சொன்னது, இவர் பெயரால் கேட்கிறோம் என்பது. மூன்று ஆண்டுக்கு முன் கடன் தோற்றுப்போனதை அறியாத மக்கள், தூணின் உறுதியையே அரசாங்கத்தின் உறுதியாக வாசித்தனர். இறந்து நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன ஒருவரிடம் சம்மதம் கேட்க வழியில்லை என்பது கேட்போருக்கு எவ்வளவு வசதி!

1917 நவம்பர் 20-இல் பிரான்சிலுள்ள கம்பிரே களத்தில் டாங்கிகள் பெருந்திரளாகப் பாய்ந்து எதிரியின் வரிசையைப் பிளந்தன. லண்டனில் மாதாகோயில் மணிகள் ஒலித்தன. ஆறே நாளில், நவம்பர் 26-ஆம் நாள், அத்தகைய டாங்கி ஒன்று டிரபால்கர் சதுக்கத்தில் வந்து நின்றது. அதன் எண் 141; செல்லப்பெயர் எக்பர்ட். அதுவே வங்கி. இரும்பு வயிற்றுக்குள் ஒரு மேசை போட்டு, எழுத்தர் அமர்ந்து, பக்கவாட்டுத் துவாரத்தின் வழியே பத்திரங்களை விற்றனர். டாங்கியைப் பத்திரிகைப் படங்களில் மட்டுமே கண்டிருந்த மக்கள் அதைத் தொட்டுப் பார்க்கவே வரிசையில் நின்றனர். தொட்டவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. பிரமுகர்கள் டாங்கியின் முதுகிலேறிச் சொற்பொழிவாற்றினர்.

இம்முறை நன்கு பலித்ததால் ஆறு டாங்கிகள் நாடு முழுதும் ஊர் ஊராகச் சென்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் நெல்சன் என்பது குறிப்பிடத்தக்கது. தூணின்மேல் நின்றவர் இறங்கித் தெருத்தெருவாகக் கடன் கேட்கப் புறப்பட்டார் போலும். ஊர்களுக்குள் போட்டி மூட்டப்பட்டது. 1918 ஜனவரியில் கிளாஸ்கோ நகரம் ஒரே வாரத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிற்று. ஆள்வீதக் கணக்கில் முதலிடம் பெற்றது வெஸ்ட் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரம். தலைக்கு 31 பவுண்டுக்கு மேல். அதற்குப் பரிசாக எக்பர்ட் டாங்கியே அந்த ஊருக்கு அளிக்கப்பட்டது. போர் முடிந்தபின் பணம் திரட்டிய ஊர்களுக்கு நன்றியாக 260-க்கும் மேற்பட்ட டாங்கிகள் வழங்கப்பட்டன. புது அடையாளச் சின்னங்கள்! ஆனால் துருப்பிடித்த இரும்பை ஊர்கள் விரைவில் வெறுத்தன. பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போயின. எக்பர்ட் 1937-இல் உடைக்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்டவற்றுள், கென்ட் மாவட்டத்து ஆஷ்போர்டு நகரில் நிற்கும் ஒன்றே இன்று எஞ்சியுள்ளது.

சதுக்கத்தின் கோலம் உச்சம் அடைந்தது 1918 அக்டோபரில். பீரங்கிகளுக்கு உணவூட்டுவீர் என்ற பெயரால் ஓர் இயக்கம் தொடங்கிற்று. டிரபால்கர் சதுக்கம் முழுவதும், குண்டு விழுந்து சிதைந்த ஒரு பிரெஞ்சுக் கிராமமாக மாற்றப்பட்டது. இடிந்த பண்ணைவீடு, உடைந்த காற்றாலை, கூரையிழந்த மாதாகோயில், மணல்மூட்டை அடுக்கிய பதுங்குகுழி ஆகியவற்றைத் தச்சரும் வண்ணக்காரரும் நாடகக் கொட்டகைக்குச் செய்வதுபோல் செய்து நிறுத்தினர். நடுவே உண்மையான பீரங்கிகள். வாங்கிய பத்திரத்தைப் பீரங்கியின் பின்வாயருகே கொண்டுசென்று முத்திரை வைத்துக்கொள்ளலாம். குண்டு போடும் இடத்தில் காசு போட்ட திருப்தி. பத்திரம் வாங்க வந்த கூட்டத்தில், மெய்யான பிரெஞ்சுக் கிராமங்களில் மகனையோ கணவனையோ இழந்த பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா? அட்டையும் மரமும் கொண்டு கட்டிய அந்த இடிபாட்டைக் கண்டு அவர்கள் என்ன நினைத்தனரோ, அது விற்பனைக் கணக்கில் பதியப்படுவதன்று. நம் கருத்தைக் கேட்டால், பீடத்தில் பலகை மாட்டியதைக்கூடப் பொறுக்கலாம். இந்தப் போலி இடிபாட்டைப் பொறுப்பது கடினம்.

சில வாரங்களே கழிந்தன. 1918 நவம்பர் 11-இல் போர் நின்றது. அன்றிரவு லண்டன் மக்களும், விடுப்பில் இருந்த படைவீரரும் சதுக்கத்தில் திரண்டனர். மழைத் தூறலைப் பொருட்படுத்தாமல் ஆடினர், பாடினர். பிறகு தீ மூட்டினர். எரிக்க விறகு வேண்டுமே. கைக்கெட்டிய மரமெல்லாம் விறகாயிற்று. கடன் பத்திர விளம்பரப் பலகைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரண்மனைச் சாலையில் காட்சிக்கு வைத்திருந்த ஜெர்மானியப் பீரங்கிகளை இழுத்துவந்து, அவற்றின் மரச் சக்கரங்களையும் தீயிலிட்டனர். நெருப்பு நெல்சன் பீடத்தை ஒட்டியே எரிந்தது. கருங்கல் சூடேறிப் பிளந்து சில்லுகளாகத் தெறித்தது. அந்தச் சிதைவு முற்றும் மறையாமல் இன்றும் பீடத்தில் தெரிகிறது; வழிகாட்டிகள் பயணிகளுக்குச் சுட்டிக்காட்டுகின்றனர். நூறாண்டுப் புகையும் பனியும் செய்யாத ஊறு அது. எதிரி செய்ததுமன்று.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1917-இல் இந்திய அரசாங்கம், பிரிட்டனின் போர்ச் செலவுக்கென 10 கோடிப் பவுண்டுப் பொறுப்பை அன்பளிப்பு என்னும் பெயரால் ஏற்றுக்கொண்டது. அதைத் திரட்ட 1917-இலும் 1918-இலும் இந்தியாவில் போர்க்கடன்கள் வெளியாயின. இந்திய மொழிகளில் சுவரொட்டிகள் அச்சாயின. லண்டனில் நெல்சனைக் காட்டலாம். இந்தியக் குடியானவருக்கு யாரைக் காட்டுவது? ஆகவே இங்கே தூணுக்குப் பதில் தாசில்தார் வேலை செய்தார் எனலாம். போரில் இறந்த நம்மவர்க்குத் தில்லியில் இந்தியா கேட்டின் அடிக்கல் 1921-இல் நாட்டப்பட்டு, 1931-இல் அது திறக்கப்பட்டது. பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் சுவர்களில் உள்ளன. மாலையில் குல்ஃபி வாங்கச் செல்லும் நேயர்கள் ஒரு நாள் அப்பெயர்களையும் வாசித்துப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு புதுமை நேர்ந்தது. வானிலிருந்து குண்டு விழும் என்ற அச்சம் முதல் நாளிலேயே இருந்தது. எனவே லண்டனின் சிலைகள் சில அகற்றப்பட்டன, சில மூடப்பட்டன. டிரபால்கர் சதுக்கத்தின் தென்புறத்திலிருந்த முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சிலை நாட்டுப்புறத்து மாளிகைத் தோட்டமொன்றுக்குச் சென்றது. பிக்காடிலி வட்டத்தில் ஒற்றைக்காலில் நின்று அம்பெய்யும் சிறகுள்ள ஈராஸ் சிலையும் இறக்கப்பட்டது, 1947-இல்தான் திரும்பிற்று. பீடமும் நீரூற்றும் சேதமுறாதிருக்க, அதைச் சுற்றிப் பலகை அடைத்தார்கள். அடைத்த பலகை என்பது என்ன? நகரின் நடுமையத்தில், வெறுமையாக நிற்கும் ஒரு விளம்பரத் தட்டி! தேசியச் சேமிப்பு இயக்கத்தார் அதை வெறுமையாக விட்டுவைக்கவில்லை. இருட்டடிப்பினால் பிக்காடிலியின் மின்விளக்கு விளம்பரங்கள் 1939-இல் அணைந்துவிட்டன. 1949 வரை அவை எரியவில்லை. வணிகரின் வெளிச்சம் போய்விட்ட அந்த இடத்தில், கவசமே விளம்பரமாகிக் கடன் கேட்டது.

நெல்சனை மட்டும் நகர்த்த முடியவில்லை. அவரைச் சுற்றி ஆண்டுதோறும் ஓர் இயக்கம்: 1940-41இல் படைக்கல வாரம், அடுத்துப் போர்க்கப்பல் வாரம், 1943-இல் வெற்றிச் சிறகு வாரம், 1944-இல் போர்வீரர் வணக்க வாரம். வெற்றிச் சிறகு வாரத்தின்போது, 1943 மார்ச்சில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று முழுதாகச் சதுக்கத்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டது. செயின்ட் பால் பேராலயத்தின் அருகே, குண்டுவீச்சால் வெறுமையான மனையில், ஸ்டெர்லிங் என்னும் மற்றொரு விமானம். 1918-இல் போலி இடிபாடு கட்டிய நகரம், இப்போது மெய்யான இடிபாட்டின்மீதே கண்காட்சி வைத்தது.

நெல்சன் தூணின் மதிப்பை எதிரியும் அறிந்திருந்தான் என்பதற்குச் சான்றுண்டு. 1940-இல் இங்கிலாந்தைப் பிடிக்கத் திட்டமிட்ட நாஜிகள், பிடித்தவுடன் இத்தூணைப் பெயர்த்துப் பெர்லினுக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்று குறிப்பெழுதி வைத்திருந்தனர். பெர்லினில் அது நின்றால், அந்த ஒரு தூணே ஆயிரம் சுவரொட்டிக்கு நிகராகும் என்பது அவர்கள் கணக்கு.

லண்டனில் பலிக்காத அக்கணக்கு பாரிஸில் ஓரளவு பலித்தது. 1889-இல் எழுப்பப்பட்ட ஐபெல் கோபுரத்துக்கு விளம்பரம் புதியதன்று. 1925 முதல் 1934 வரை சிட்ரோவன் மோட்டார் நிறுவனத்தின் பெயர் இரண்டரை லட்சம் மின்விளக்குகளில் அதன்மேல் எரிந்தது. அந்தக் கோபுரம் 1940 ஜூன் 14-இல் நகரத்தோடு ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு நிகழ்ந்தது நம் வானொலியினருக்குச் சிறப்பாக உரிய கதை. 1941 ஜனவரி 14-ஆம் நாள், லண்டன் பி.பி.சி. நிலையத்திலிருந்து விக்டர் டி லாவெலே என்னும் பெல்ஜியர் தம் நாட்டாருக்குப் பேசும்போது, பிரெஞ்சில் வெற்றிக்கும் பிளெமிஷ் மொழியில் விடுதலைக்கும் முதலெழுத்தாக அமைந்த 'வி'யைச் சுவர்தோறும் எழுதுங்கள் என்றார். ஒரு குரல், ஓர் எழுத்து, ஒரு சுண்ணாம்புக் கட்டி. சில வாரங்களில் பெல்ஜியம், பிரான்சு நாட்டுச் சுவர்களில் அவ்வெழுத்து முளைத்தது. தந்தி மொழியில் அதற்குரிய மூன்று குறிலும் ஒரு நெடிலும் பீத்தோவனின் ஐந்தாம் இசைக்கோவைத் தொடக்கத்தோடு ஒத்திருந்ததால், வானொலியில் அதுவே முரசொலியாயிற்று.

அழித்து மாளாத ஜெர்மானியர், 1941 ஜூலையில் அந்த எழுத்தையே தமதென்று அறிவித்தனர். ஐபெல் கோபுரத்தில் ஒரு மாபெரும் 'வி'யை ஏற்றினர். அதன்கீழ், ஜெர்மனி எல்லா முனைகளிலும் வெல்கிறது என்று ஜெர்மன் மொழியில் நீண்ட பட்டை. பிரெஞ்சு நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பிலும் அதே வாசகம். தூணை ஜாமீன் வைத்துக் கடன் கேட்டதைவிட இது ஒரு படி கீழிறங்கிய செயல்: சிறைப்பட்டவரின் கையைப் பிடித்துப் பத்திரத்தில் கையொப்பம் போட வைத்தது போன்றது. பாரிஸ் மக்கள் அதை அண்ணாந்து பார்த்தனர். நம்பினரா என்பது வேறு. சுண்ணாம்பால் எழுதிய எழுத்து யாருடையது, பட்டையில் எழுதிய எழுத்து யாருடையது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்திராது. 1940 ஜூனில் கோபுரத்திலிருந்து பிரெஞ்சுக் கொடியை இறக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட தீயணைப்புப் படைத் தலைவர் சார்னிகே, 1944 ஆகஸ்ட் 25-இல் தாமே படியேறிச் சென்று, கொடியை மீண்டும் ஏற்றினார்.

அதே ஆண்டுகளில் நம் நாட்டுச் சின்னங்களின் நிலை வேறு. 1942-இல் தாஜ்மகாலின் நடுக் குவிமாடத்தை மூங்கில் சாரம் மறைத்தது. கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்து வெண்பளிங்கு, நிலவொளியில் ஜப்பானிய விமானிகளுக்கு வழிகாட்டாதிருக்கக் கருநிறம் பூசப்பட்டது. அந்நகரின்மீது 1942 டிசம்பரில் குண்டு விழவும் செய்தது. லண்டனில் சொந்த மக்கள் பார்க்கவேண்டுமெனச் சின்னத்தில் எழுத்து ஏற்றினர். இங்கே அயலான் பார்க்கலாகாது எனச் சின்னத்தையே அழித்துக் காட்டினர்.

இனிக் கடனின் கதையை முடித்தாக வேண்டும். நெல்சன் ஜாமீன் நின்ற 1917-ஆம் ஆண்டுக் கடன் என்னவாயிற்று? அதில் மாற்றப்பட்ட பழைய பத்திரங்களும் சேர, நிலுவை 200 கோடிப் பவுண்டுக்கு மேல் நின்றது. நூற்றுக்கு ஐந்து வட்டி பதினைந்து ஆண்டுகள் ஒழுங்காக வந்தது. 1932 ஜூன் 30-இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, நிதியமைச்சர் நெவில் சேம்பர்லின் ஓர் அறிவிப்புச் செய்தார். வட்டி மூன்றரையாகக் குறையும். அசலை, 1952-க்குப் பிறகு அரசாங்கம் விரும்பும்போது திருப்பித் தரும். விரும்பும்போது என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்கவேண்டும். நாம் முன்பு கூறிய சிறு தொடர்களின் இனத்தைச் சேர்ந்தது அது. ஒப்பாதவர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற வழி இருந்தும், நாட்டுப்பற்றின் பெயரால் மீண்டும் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பத்தில் ஒன்பது பங்கினர் இசைந்தனர்.

1952 வந்தது, போயிற்று. அரசாங்கத்துக்கு விருப்பம் பிறக்கவில்லை. விலைவாசி ஏற, பத்திரத்தின் மதிப்பு தேய்ந்தது. 1974-இல் நூறு பவுண்டுப் பத்திரம் சந்தையில் 25 பவுண்டுக்கும் கீழே விலைபோயிற்று. பாட்டி வாங்கிய பத்திரம் பேத்தியின் பெட்டியில் கிடந்தது. வட்டி உலகெங்கும் மிகத் தாழ்ந்து, மூன்றரை என்பதே அதிகமாகத் தோன்றிய காலத்தில்தான் அரசாங்கத்துக்கு விருப்பம் வந்தது. 2015 மார்ச் 9-ஆம் நாள், எஞ்சியிருந்த 190 கோடிப் பவுண்டையும் அது திருப்பிக் கொடுத்தது. அந்நாளில் பத்திரம் வைத்திருந்தோர் 1,20,000 பேருக்கு மேல். அவருள் மிகப் பெரும்பாலோரின் பங்கு ஆயிரம் பவுண்டுக்கும் குறைவு. தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்கு முன் டிரபால்கர் சதுக்கத்துப் பலகையைப் படித்துவிட்டுப் பணப்பையைத் திறந்தவர் ஒருவரேனும் அவருள் உயிரோடு இருந்து கையொப்பமிட்டிருப்பாரா என்பது ஐயமே.